கன்னியம்மா வாயை நான் பார்க்காமல் எழுதினது

முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கிறேன். எனக்கு எழுத வராது. அஞ்சாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சது. அதுக்கப்புறம் நான் எழுதினதெல்லாம் கண் அட்டையில பேர், ஊர், வயசு, வலது கண், இடது கண். அதுலயும் வலதை இடதுன்னு எழுதி வசவு வாங்கியிருக்கேன். இப்போ ஞாபகமும் சரியில்லை. முன்னுக்குப் பின்னா இருந்தா பொறுத்துக்குங்க.

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை பேசணும்னு நம்ம கண் மையத்துல என்னைக் கூப்பிட்டாங்க. மைக்கைக் கையில கொடுத்தாங்க. நான் அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்தை வரல. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க, நான் வந்து உட்கார்ந்துட்டேன். பேசாததுக்கே கை தட்டுறவங்க நீங்க. அதனாலதான் எழுதித் தரேன். இதுக்குக் கை தட்டிட்டுப் போக முடியாது, படிச்சுத்தான் ஆகணும்.

நான் மையத்துல ஆயாவா இருந்தேன். கண்ணுக்கு மருந்து ஊத்துறது, தலையைப் பிடிச்சுக்கிறது, ஆளுங்களை வேன்ல ஏத்திப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறது, திரும்பி வந்தப்புறம் வீடு வீடாப் போய்ப் பார்த்து அட்டையில எழுதுறது. உங்களுக்கு இப்போ மெஷின் இருக்கு. கண்ணுக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பிட்டு, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பதில் வாங்கிடுறீங்க. நல்லதுதான். போன மாசம் என் கண்ணைக் காட்ட வந்தேன். ஒரு பொண்ணு என் தாடையை மெஷின்ல வெச்சா, போட்டோ எடுத்தா, ‘வேறு நோய்: இல்லை’ன்னு ஒரு டிக் போட்டா. என்னை ஒரு வார்த்தை கேட்கல. அன்னைக்கு என் கால்ல முட்டிக்குக் கீழே பெரிய கட்டு. அந்தக் கட்டோட நொண்டிக்கிட்டுத்தான் அவ முன்னால போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பொண்ணு யாருன்னு சொல்லமாட்டேன். திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. அதே டிக்கை ஒரே ஆளுக்கு நாலு தடவை போட்டவ நான். அதைத்தான் எழுதப் போறேன்.

கன்னியம்மா சுண்ணாம்புக்குளம் பக்கத்துல ஏரிக்கரையில இருக்கா. கையால இறால் பிடிக்கிற குடும்பம். வலை கிடையாது, படகு கிடையாது. முட்டியளவு தண்ணியில குந்தினபடியே நகர்ந்து, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவி, இறாலை அமுக்கிப் பிடிக்கணும். பிடிச்சதைப் போட்டுக்கப் பறி வெச்சிருப்பாங்க. பனை ஓலையில பின்னின சின்னப் பைதான் பறி. ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்குதே, அதனால பறியோட கயித்தைப் பல்லால கடிச்சுக்குவாங்க. பறி தாடைக்குக் கீழே தொங்கும். காலையில தண்ணியில இறங்கினா கரை ஏறுற வரைக்கும் பல்லு அந்தக் கயித்தை விடாது. ஊர் வம்பு பேசினாலும் கயித்தைக் கடிச்சபடியேதான் பேசுவாங்க.

நான் கடல் பக்கத்துக் குப்பத்துக்காரி. எங்க ஆளுங்களுக்கு வலை உண்டு, படகு உண்டு, கூடவே தலைக்கனமும் உண்டு. கையால பிடிக்கிறவங்க வீட்டுல எங்க ஆளுங்க தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிச் சேலை கட்டினதும் அதையெல்லாம் விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். விடல. எல்லா வீட்டுலயும் உள்ளே போய்ப் பாய்ல உட்காருவேன். கன்னியம்மா வீட்டுல மட்டும் வாசல்லயே நின்னு எழுதுவேன். கேட்டா எனக்குக் கூச்ச சுபாவம்னு சொல்லிக்குவேன். நான் கூச்சக்காரிங்கறது மையத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதை நல்லா வசதிக்கு உபயோகப்படுத்திக்கிட்டேன்.

கன்னியம்மாவுக்குச் சர்க்கரை. தெரிய வந்தப்போ வலது கண்ணு போயிடுச்சு. கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டி, மையைக் கரைச்சு ஊத்தின மாதிரி ஒரே கறுப்பு. இடது கண்ணு ஒண்ணுதான் மிச்சம். அதுலயும் கண்ணுக்குப் பின்னாடி இருக்கவே கூடாத இடத்துல புதுப்புது ரத்தக்குழாய் முளைச்சிருக்குன்னு பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க. லேசர் வெச்சாங்க. கண்ணுல ஊசி போட்டாங்க. கொஞ்ச நாள் அடங்கும். அப்புறம் திரும்ப முளைக்கும்.

என் வேலை, அவ மாத்திரை ஒழுங்காப் போடுறாளான்னு பார்க்கிறது. போய் வாசல்ல நிப்பேன். அவ காலி மாத்திரை அட்டையைக் கொண்டு வந்து காட்டுவா. நான் எண்ணுவேன்.

“எண்ணிக்கினே கீறியே யக்கா, நான் இன்னா திருடிட்டேனா?”ன்னு கேட்பா.

“எனக்கு இன்னா தெரியும், எழுதச் சொன்னாங்க, எழுதறேன்”னு சொல்லிட்டு, ‘மாத்திரை: சரி, வேறு நோய்: இல்லை’ன்னு போட்டுட்டு வந்துடுவேன். இப்படி நாலு தடவை.

நடுவுல ஒரு நாள், அவ ஏரியில இருக்கும்போது கரை வழியா நடந்து போனேன். அந்தப் பக்கம் பத்துப் பொம்பளைங்க குந்தி இறால் தடவுறாங்க. ஒன்பது பேர் வாயில பறி. கன்னியம்மா மட்டும் பறிக் கயித்தைக் கழுத்துல மாட்டியிருந்தா. குனியக் குனிய அது தண்ணியில இழுபட்டு முன்னால வந்து கையை மறைக்குது. ஒரு இறால் பிடிச்சா இன்னொண்ணு நழுவிப் போகுது.

நான் என்ன பண்ணியிருக்கணும்? இருபது வருஷம் அந்தக் கரையில நடந்தவ நான். பல்லுல இல்லாத பறியை அதுக்கு முன்ன பார்த்ததே கிடையாது. நான் என்ன பண்ணேன் தெரியுமா?

“இன்னா கன்னிம்மா, பறிக்குத் தாலி கட்டிட்டியா?”ன்னு கத்தினேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா, வாயைத் திறக்காம. எனக்குப் பெருமை தாங்கல. கூச்சக்காரி ஒரு நக்கல் அடிச்சு, அது எடுபட்டுடுச்சே.

இன்னொரு தடவை, வேன்ல ஆஸ்பத்திரிக்குப் போறோம். மீஞ்சூர்ல நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தாங்க. கன்னியம்மா இட்லியைப் பிச்சு டீயில ஊறப்போட்டு, கூழாக்கிக் குடிக்கிறா. “குழந்தைப் புள்ளையா நீ?”ன்னு நான்தான் அதட்டினேன். இட்லியையே மெல்ல முடியாதவளுக்கு வாயில என்னவோ இருக்குன்னு ஒரு ஆடு மாடு மேய்க்கிறவருக்குக்கூடத் தோணும். எனக்குத் தோணல. நான் கண் ஆஸ்பத்திரி ஆளாச்சே! கண்ணுக்குக் கீழே மூக்கு இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது.

அந்தத் தடவைதான் விஷயம் முத்திப் போச்சு. டாக்டரம்மா இடது கண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. மறுபடியும் குழாய் முளைச்சிருக்கு, லேசா ரத்தம் கசிஞ்சிருக்கு, இது பெருசா உடைஞ்சா இந்தக் கண்ணும் அந்தக் கண்ணு மாதிரி ஆயிடும்னு சொன்னாங்க. சர்க்கரையைப் பார்த்தா அதுவும் ஏறிக் கிடக்குது. ஆலோசனை சொல்றதுக்குன்னு ஒரு மேடம் அங்க உண்டு. அவங்க பிடிச்சுக்கிட்டாங்க.

“மாத்திரை போடுறியா இல்லையா? பொய் சொல்லாத.”

“போட்றேன்மா.”

“போட்டா ஏன் இறங்கல? அரிசிச் சோறு, கூல்டிரிங்க்ஸ்னு எல்லாத்தையும் சாப்பிட்டுட்டு இங்க வந்து நில்லு.”

கன்னியம்மா என் பக்கம் திரும்பினா. “யக்கா, நீயே சொல்லு. நீதான எண்ணிக்கினு போற.”

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் சொன்னேன்: “அட்டை காலியாத்தான் இருக்கு. மாத்திரை வயித்துக்குப் போச்சா, ஏரிக்குப் போச்சான்னு எனக்குத் தெரியாது.”

மேடம் சிரிச்சாங்க. மைக்கைக் கொடுத்தா பேச வராது எனக்கு. ஒருத்தியை மாட்டிவிடணும்னா மட்டும் எப்படிப் பேச்சு வருது பாருங்க.

டாக்டரம்மா சிரிக்கல. கண் அட்டையைப் புரட்டினாங்க. “வேறு நோய் இல்லைன்னு நாலு தடவை எழுதியிருக்கு. யார் எழுதினது?”

“நான்தாம்மா.”

“கேட்டு எழுதினீங்களா, ஆயாம்மா?”

“ஆமாம்மா”ன்னேன். பொய்.

கன்னியம்மா காலை நீட்டச் சொல்லி விரல் இடுக்கெல்லாம் பிரிச்சுப் பார்த்தாங்க. புண்ணு இல்லை. “வேற எங்கேயாவது ஆறாத புண்ணு, சீழ், காய்ச்சல் உண்டா?”ன்னு அவளையே கேட்டாங்க. அவ வாயை மூடிக்கிட்டு இல்லைன்னு தலையை ஆட்டினா. சரி, சர்க்கரைக்கு இன்சுலின் ஆரம்பிக்கலாம், கண்ணுல இன்னைக்கே ஊசி போட்டுடலாம், உடம்புல எங்கேயும் சீழ் இல்லைங்கறதால போடலாம்னு எழுதிக் கொடுத்தாங்க.

வெளியே பெஞ்சுல உட்கார வெச்சேன். தலைக்குத் துணித்தொப்பி மாட்டினேன். தண்ணி கேட்டா. பாட்டிலைக் கொடுத்தேன். தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு, வலது கன்னத்துப் பக்கம் தண்ணி படாம, சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டா. அப்பதான் எனக்கு உறைச்சது. டீயில ஊறின இட்லி, கழுத்துல மாட்டின பறி. சிரிச்சப்போ திறக்காத வாய்.

ஊசி அறையில இவளுக்கு முன்னால ரெண்டே பேர். உள்ளே போய்ச் சொன்னா, நாலு தடவை பார்க்காம எழுதினவ நான்னு வெளியே வரும். வேலை போகும். சொல்லாட்டி என்ன ஆகும்? சீழோட ஊசி போட்டா அந்தக் கண்ணும் கெடலாம். ஒண்ணும் ஆகாமலும் போகலாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. இந்த இடத்துல நான் உடனே எழுந்து ஓடினேன்னு எழுத ஆசைதான். ஓடல. ஒரு ஆள் உள்ளே போய் ஊசி போட்டுக்கிட்டு வெளியே வர்ற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதுக்கப்புறம்தான் எழுந்தேன்.

டாக்டரம்மா வேற ஒரு கண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. போய் நின்னேன்.

“அம்மா, அவ பறியைக் கழுத்துல மாட்டியிருக்கா.”

“பறின்னா?”

எனக்குப் பேச்சு நின்னு போச்சு. தோள்ல இருந்த துணிப்பையை எடுத்து, அதோட காதைப் பல்லால கடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு, ரெண்டு கையாலயும் தரையைத் தடவிக் காட்டினேன். கண்ணுக்கு மருந்து ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் நாற்காலியைப் பின்னால தள்ளிக்கிட்டார். மேடம் வாயைப் பொத்திக்கிட்டு வெளியே போயிட்டாங்க.

டாக்டரம்மா, “பல்லா?”ன்னு கேட்டாங்க.

வாயில பை. தலையை ஆட்டினேன்.

எழுந்து வந்தாங்க. டார்ச் அடிச்சுக் கன்னியம்மா வாயைத் திறக்கச் சொன்னாங்க. பின்பக்கத்து ஈறு பூரா வீங்கி, பல்லெல்லாம் ஆடுது. பஞ்சால அமுக்கினா சீழ் வருது. எத்தனை மாசமாம்மான்னு கேட்டாங்க.

“ரொம்ப நாளாக் கீது. பல்லு வலிக்குக் கண்ணாஸ்பத்திரியில இன்னா வேலை? யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

ஊசியை நிறுத்தினாங்க. அப்புறம் என்னைத் திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டாம, ஒரு காகிதத்துல கண்ணு மாதிரி வட்டம் போட்டு விளக்கினாங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். உடம்புல ஒரு இடத்துல புண்ணு ஆறாம இருந்தா, உடம்பு அதோட ஓயாமச் சண்டை போடும். அதுக்குப் பேர் அழற்சியாம். சண்டை நடக்கிறது ஈறுலதான். ஆனா அதுக்காக உடம்பு சுரக்கிற காரமெல்லாம் ரத்தத்துல கலந்து எல்லா இடமும் சுத்தும். கண்ணுக்குப் பின்னாடி இருக்கிறது முடியை விட மெல்லிசான குழாய்ங்க. சர்க்கரையால ஏற்கெனவே நைஞ்சு போனது. அதுல இந்தக் காரமும் படப்பட, சில குழாய் கசியும், சிலது அடைச்சுக்கும். ரத்தம் போகாத இடம் தவிச்சுப் போய், எனக்குப் புதுக்குழாய் வேணும்னு கேட்கும். அப்படி அவசரத்துல முளைக்கிற குழாய்க்கு உறுதி இருக்காது. சும்மா இருந்தாலே உடைஞ்சு ரத்தம் கொட்டும். போதாததுக்கு, சீழ் இருக்கிற வரைக்கும் சர்க்கரையும் இறங்காது, மாத்திரையை ஒழுங்கா முழுங்கினாலும்.

நம்ம ஏரி கடலோட சேர்ற முகத்துவாரம் மண் மூடினா என்ன ஆகுதுன்னு நினைச்சுப் பாருங்க. கடல் தண்ணி உள்ளே வராம ஏரி கெட்டுப் போகும். அந்த ஆத்திரத்துல கண்ட இடத்துல கரையை வெட்டி விடுவாங்க, மறு மழையில அது உடைச்சுக்கிட்டு ஊருக்குள்ள வரும். எனக்கு அப்படித்தான் விளங்கிச்சு.

மாத்திரையை ஒழுங்கா முழுங்கினாலும்! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுட்டு நான் கன்னியம்மா முகத்தைப் பார்க்கல.

பல்லைப் பிடுங்கணும்னாங்க. அப்பதான் பெரிய கூத்து. கன்னியம்மா மாட்டேன்னுட்டா.

“பல்லு முக்கியமா, கண்ணு முக்கியமா?”ன்னு மேடம் கேட்டாங்க. இது ஒரு கேள்வியான்னு அவங்க நினைப்பு.

“இன்னாம்மா கேக்கறே? சேத்துல இறாலு தடவுறதுக்குக் கண்ணு எதுக்கு? எங்க நைனா ரெண்டு கண்ணும் தெரியாமலே சாவுற வரைக்கும் இறாலு புடிச்சாரு. எங்க அத்தைக்குப் பல்லு போச்சு, மறுநாள்லேர்ந்து கரையில குந்திக்கினா. மருமவ போட்டாத்தான் சோறு.”

மேடம் என் காதுகிட்ட வந்து, “அறியாமை”ன்னாங்க. யாருக்கு? பறின்னா என்னன்னு தெரியாதவங்க, பல்லால சம்பாதிக்கிறவளைப் பார்த்து அறியாமைங்கறாங்க. கன்னியம்மா கணக்குல ஒரு தப்பும் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவ கணக்குல விட்டுப் போச்சு. அது என்னன்னு எனக்கும் அப்போ தெரியல.

சீழுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு வாரத்துக்குள்ள பல்லெடுக்கக் கூட்டி வாங்க, இல்லாட்டி இந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா என்கிட்ட சொன்னாங்க.

மூணாம் நாள் போனேன். முதல் தடவையா வாசல் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன். கன்னியம்மா விடுவாளா?

“இன்னா யக்கா, இன்னைக்கு வாசல்ல முள்ளு குத்துதா? உள்ள வந்துட்ட.”

வழியெல்லாம் மனசுல அடுக்கி வெச்ச புத்திமதி எல்லாம் மறந்து போச்சு. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேலேன்னு கேட்காதீங்க.

“எந்தப் பல்லைடி காப்பாத்திக்கினு கீற? பறி மாசக்கணக்காக் கழுத்துலதான கீது? அந்தப் பல்லு பறியையா தூக்குது? சும்மா குந்திக்கினு உன் கண்ணைத் தின்னுது. பல்லு போனா பறி போயிடும்னு பயப்படறியே, பறி எப்பவோ போயிடுச்சு.”

அவ நாக்கால ஈறைத் தடவிப் பார்த்துக்கிட்டா. அப்புறம் சொன்னா: “அன்னைக்குக் கரையில, தாலி கட்டிட்டியான்னு சிரிச்சியே. அப்பவே இன்னாடின்னு கேட்டிருந்தா ரெண்டு பல்லோட போயிருக்கும்.”

அவளே மேலே பேசினா.

“வரேன். ஆனா மொதல்ல நீ என் வாயைப் பாரு. எட்ட நின்னு நாலு வாட்டி எழுதினியே, கிட்ட வந்து பாரு.”

வாயைத் திறந்தா. நாத்தம் குப்புன்னு அடிச்சது. என் கை முந்தானை வரைக்கும் போச்சு. மூக்கை மூடல, கையை இறக்கிட்டேன். ஒவ்வொரு பல்லா விரலை வெச்சுக் காட்டினா. பார்த்தேன். அவ போதும்னு சொல்ற வரைக்கும் பார்த்தேன்.

ஆறு பல்லு எடுத்தாங்க. புண்ணு ஆறினதும், அதே பழைய மாத்திரை, அதே சோறு, கூட கொஞ்சம் இன்சுலின், சர்க்கரை மடமடன்னு இறங்குச்சு. கண்ணுல ஊசி போட்டாங்க. அப்புறம் போனப்போ டாக்டரம்மா, புதுக்குழாயெல்லாம் சுருங்குது, ரத்தமும் வடிஞ்சிருக்குன்னாங்க. அதுக்கப்புறமும் ஒழுங்காப் போய்க் காட்டிட்டு வந்தா. இடது கண்ணு நின்னுச்சு. வலது கண்ணு வரல, அது வராது.

இதைப் படிச்சுட்டு, பல்லைப் பிடுங்கினா கண்ணு தெரியும்னு ஊர்ல போய்ச் சொல்லி வெக்காதீங்க. லேசர், ஊசி, மாத்திரை எல்லாம் சேர்ந்துதான் காப்பாத்திச்சு, சீழ் அதையெல்லாம் கெடுத்துக்கிட்டு இருந்ததுன்னு டாக்டரம்மா தெளிவாச் சொன்னாங்க. ஆனா எங்க ஊர் வாய் சும்மா இருக்குமா? காட்டூர்லேர்ந்து ஒரு பெரியவர் மையத்துக்கு வந்து, புரை விழுந்திருக்கு, எத்தனை பல்லு எடுக்கணும்னு கேட்டார். அவரை அனுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

என் வேலை போகல. பார்க்காம எழுதினேன்னு நானே டாக்டரம்மாகிட்ட ஒத்துக்கிட்டேன். அவங்க அந்தப் பழைய அட்டையை என் கையில கொடுத்து, நாலு டிக்கையும் என் கையாலயே கோடு போட்டு அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன். அதுக்கப்புறம் வாயைப் பார்க்காம, காலைப் பார்க்காம நான் ஒரு அட்டையும் எழுதினதில்லை. இதைப் பெருமையாச் சொல்லிக்க வெட்கமா இருக்கு. செய்யற வேலையைச் செஞ்சேன்னு சொல்லிக்கிறதுல என்ன பெருமை?

கன்னியம்மா இப்போ ஒரு பழைய எண்ணெய் கேனோட மேல்பக்கத்தை அறுத்துட்டு, இடுப்புல கயிறு கட்டிப் பின்னால மிதக்க விட்டு இழுத்துக்கிட்டுப் போறா. இறாலை அதுல போட்டுக்கிறா. யாரும் சொல்லித் தரல, அவளே பண்ணிக்கிட்டது. எனக்கு இப்போ கண்ணு மங்கல். கரையில நடந்தா அவ எங்கே இருக்கான்னு தெரியாது. அவ அந்த ஒத்தைக் கண்ணால என்னைத் தூரத்துலயே பார்த்துடுவா. ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவா:

“யக்கா! வேற நோய் இல்லைன்னு எழுதிக்கோ!”

எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். ரத்தக்குழாய் சமாச்சாரத்தை என் புத்திக்கு எட்டின வரைக்கும்தான் எழுதியிருக்கேன். படிச்சவங்க யாராவது சரியான்னு பாருங்க. அப்புறம் அந்தப் பல்லு விஷயம். நான் ஆறுன்னு எழுதியிருக்கேன். எட்டுன்னு அவ சண்டைக்கு வரா. என் ஞாபகத்தை நான் நம்பல. உங்கள்ல ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வந்து திருத்திடுங்க. வாசல்ல நின்னு கேட்டா அவ சொல்லமாட்டா. உள்ளே போய் உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லி, எண்ணிட்டு வாங்க.